உபயம்: செல்வி ஞானம்மாள்

ஆறு மாதமாக அக்கா வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காத இருதயராஜ், அந்த ஜனவரியில் ஒரே வாரத்தில் மூன்று முறை திருமுல்லைவாயிலுக்கு வந்தான். முதல் முறை பிளம் கேக்கோடு வந்தான். இரண்டாம் முறை மனைவி கோமளாவோடு வந்தான். மூன்றாம் முறை இருவரும் தீபிகா என்றொரு பெண்ணையும், அவள் நெஞ்சோடு அணைத்திருந்த ஒரு கட்டுக் காகிதத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கேக்கைப் பார்த்தபோதே ஞானம்மாளுக்குப் பொறி தட்டிவிட்டது. காரியம் இல்லாமல் தின்பண்டம் வாங்குகிறவன் இல்லை தன் தம்பி என்பது, அவனை வளர்த்து ஆளாக்கியவளுக்குத் தெரியாதா?

காரியம் இதுதான். இருதயராஜ் நாட்டை விட்டுப் போகப் போகிறான். வேலை தேடிப் போகிறவர்களைப் போல அல்ல, குடியுரிமையையே விலை கொடுத்து வாங்கிக்கொண்டு. கிரிக்கெட் வர்ணனையில் மட்டுமே காதில் விழுந்திருக்கும் ஏதோ ஒரு கரீபியன் தீவு. அந்த அரசாங்கம் கேட்கும் தொகையை முதலீடாகக் கட்டினால் சில மாதங்களில் பாஸ்போர்ட் வந்துவிடுமாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறை வைத்திருக்கும் முதலாளிகளில் நாலு பேர் ஏற்கெனவே வாங்கிவிட்டார்களாம். அந்தத் தீவு வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நாலு பேரும் நாலு பக்கம் கை காட்டுவார்கள். அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

தேர்தலுக்கு மூன்று மாதம் இருந்தது. யார் யாரோடு கூட்டு, யார் வந்து நாற்காலியில் உட்காருவார் என்று டீக்கடையில் நிற்பவனுக்கும் தெரியவில்லை, டி.வி.யில் கத்துகிறவனுக்கும் தெரியவில்லை. ஐந்து வருடமாக ஆளுங்கட்சிப் புள்ளி ஒருவரின் பிறந்தநாளுக்குப் பட்டறை வாசலில் தன் படத்தையும் போட்டு பேனர் வைத்தவன் இருதயராஜ். அவர் தயவில்தான் ஆர்டர்கள் வந்தன. போன வருடம் காற்று எந்தப் பக்கம் அடிக்குமோ என்ற பயத்தில் எதிர்க்கட்சிக்காரருக்கும் ஒரு பேனர் வைத்தான். இரண்டு பக்கமும் கும்பிட்டு வைத்தால் ஒரு பக்கமாவது காப்பாற்றும் என்று கணக்குப் போட்டான். இப்போது இரண்டு பக்கமும் அவனை முறைத்துக்கொண்டிருந்தது.

"ஆட்சி மாறிச்சின்னு வெச்சிக்கோ, மொத ரெய்டு என் பட்டறைலதான்க்கா. மாறலேன்னா இவன் என் தோல உரிப்பான். நான் எங்கதான் போறது?" என்றான் இருதயராஜ்.

"பேனர் வெக்கறப்ப என்னிய கேட்டியா?" என்றாள் ஞானம்மாள். "உன் மூஞ்சிய அவ்ளோ பெர்சா போட்டு ரோட்டுல நிறுத்துனியே, அப்போ இனிச்சிது இல்ல?"

"இப்ப அது இன்னாத்துக்கு அண்ணி?" என்று கோமளா குறுக்கே வந்தாள். "ஒங்களயும் கூட்டிகினு போலாம்னுதானே வந்துகீறோம். அம்போன்னு உட்டுட்டுப் போவ மனசு வருமா?"

மனசு எல்லாம் ஒன்றுமில்லை என்பது ஞானம்மாளுக்குத் தெரியும். அவள் உட்கார்ந்திருந்த அந்த வீடு அக்காவும் தம்பியும் சேர்ந்து வாங்கியது, பத்திரம் இருவர் பெயரிலும் இருந்தது. தம்பி குடும்பம் ஐயப்பன்தாங்கலில் பன்னிரண்டாவது மாடியில் ஃபிளாட் வாங்கிப் போய்ப் பல வருடம் ஆகிறது. திருமுல்லைவாயில் வீட்டில் அவள் மட்டும்தான். வீட்டை விற்றால்தான் தீவுக்குக் கட்ட வேண்டிய தொகை நிறையும். அவள் கையெழுத்து இல்லாமல் வீட்டை விற்க முடியாது. வீடு போனால் அக்கா எங்கே போவாள் என்று நாலு பேர் கேட்பார்கள். அதற்கு அவர்கள் கண்டுபிடித்திருந்த பதில், அக்காவையும் விண்ணப்பத்தில் சேர்த்துவிடுவது. கல்யாணம் ஆகாத அக்காவைச் சேர்க்க அந்தத் தீவின் விதியில் இடம் இருந்தது.

இந்த வேலையெல்லாம் முடித்துக் கொடுக்கும் நிறுவனத்தின் ஆள்தான் தீபிகா. முப்பது வயது இருக்கும். பேச்சில் ஒரு குறையும் சொல்ல முடியாது. டீப்பாயின் மேல் காகிதங்களைப் பரப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் சின்னப் புள்ளி வைத்தாள். கடைசிப் பக்கத்தில் நோட்டரியின் சிவப்பு முத்திரை ஏற்கெனவே விழுந்திருந்தது. ஞானம்மாள் தன் முன்னால் நேரில் வந்து சத்தியம் செய்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்த அந்த வக்கீலை அவள் கனவில்கூடப் பார்த்ததில்லை.

ஞானம்மாளுக்கு இங்கிலீஷ் பேச வராது. ஆனால் ஆவடியில் முப்பத்தொன்பது வருடம் ராணுவத்துக்கு உடுப்பு தைத்தவள். லேபிள், அளவுச் சீட்டு, நோட்டீஸ் போர்டு என்று பார்த்துப் பார்த்துப் பல வார்த்தைகளை அவள் கண் அறியும். முதல் பக்கத்தில் தன் பெயருக்கு நேராக இருந்த வார்த்தையை அவள் விரல் தொட்டது.

"டிபெண்டன்ட்டுன்னு போட்டுகீதே," என்றாள்.

"ஆமா ஆன்ட்டி," என்றாள் தீபிகா. "உங்களுக்குன்னு வருமானம் எதுவும் இல்ல, சின்ன வயசுலேர்ந்து தம்பிதான் உங்களைக் காப்பாத்தறார், சாப்பாடு, மருந்து எல்லாமே அவர் செலவுதான்னு ஒரு உறுதிமொழி. அப்படி இருந்தாதான் உங்களைச் சேர்க்க முடியும்."

"எனக்கு பென்ஷன் வருதே."

"அதைக் காட்டக் கூடாது ஆன்ட்டி. காட்டினா நீங்க டிபெண்டன்ட் இல்லைன்னு ஆயிடும்."

ஞானம்மாள் எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் நீல நிறக் காலிகோ அட்டை போட்ட பழைய மெடிக்கல் புத்தகம் ஒன்று இருந்தது. தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கத் தொழிலாளிகளுக்குக் கொடுப்பது. அவள் அதைப் பிரித்து, தீபிகாவின் காகிதங்களின் மேலேயே வைத்தாள். உள்ளே தலையில் எண்ணெய் வழிய, சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்த கோலத்தில் பன்னிரண்டு வயது இருதயராஜ் படத்திலிருந்து முழித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அதே வார்த்தை டைப் அடித்திருந்தது. டிபெண்டன்ட்: இருதயராஜ், தம்பி.

"படி," என்றாள் ஞானம்மாள் தம்பியைப் பார்த்து. "யாரு யாருக்கு டிபெண்டன்ட்டு? அப்பா செத்து அவரு வேல எனக்குக் குட்த்தப்ப எனக்குப் பத்தொம்பது வயசு. ஒனக்கு டைபாய்டு வந்திச்சே, குடல்வால் ஆபரேஷன் பண்ணாங்களே, அத்தினியும் இந்தப் புக்குலதான்டா நடந்திச்சு. இந்தப் பக்கத்துல நீ சாப்ட்ட மாத்திரை பேரெல்லாம் கீது. படிடா!"

கோமளாதான் வாயைத் திறந்தாள். "எப்பவோ ரெண்டு மாத்திரை வாங்கிக் குடுத்தத இன்னும் எத்தினி வருசம் சொல்லிகினு இருப்பாங்களோ. தீபாவளி, கிறிஸ்மஸ், பொங்கல் எதுக்கும் அண்ணிக்குப் பொடவை எடுக்காம இருந்துகீறமா?"

"ஒம் பொடவைய நாளைக்கே குடுத்துடறேன். மடிப்புக்கூடக் கலையாம கீது. எடுத்துகினு போ."

"சும்மா இரு கோமு," என்று அதட்டினான் இருதயராஜ். பிறகு அவன் செய்த காரியத்தை ஞானம்மாள் எதிர்பார்க்கவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கி அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தான். ஐம்பத்தாறு வயது ஆள், வெள்ளைச் சட்டை, விரலில் கல் வைத்த மோதிரம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கண் நிறைந்து சொன்னான். "யக்கா, ஒனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அது போதாதா? இது யாரோ தீவுக்காரனுக்கு எழுதற பேப்பரு. அவன் நம்பள பாத்தானா, நம்ப அவன பாத்தமா? உள்ள தூக்கி வெச்சிட்டானுங்கன்னா என்னால தாங்க முடியாதுக்கா. நீதான் என்னிய வளத்த. இந்த ஒரு தபா காப்பாத்து."

அவளுக்குப் பாழாய்ப்போன மனசு இளகிவிட்டது. அவனை யாரும் பிடித்து உள்ளே வைக்கப் போவதில்லை, அந்த அளவுக்கு அவன் பெரிய ஆளும் இல்லை என்று அவள் அறிவுக்குத் தெரிந்தது. ஆனாலும் போலீஸ் என்றாலே அவளுக்குப் பயம். எவனோ படிக்கப்போகும் காகிதத்தில் பொய் இருந்தால் என்ன, பெற்ற பிள்ளை போன்றவனுக்கு உண்மை தெரிந்தால் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவனுக்குத் தெரியும். அது ஒன்றுதான் அவள் சம்பாதித்து வைத்தது. புள்ளி வைத்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்து விரல் ரேகை பதிய ஒரு தாள். தீபிகா மை தடவி அழுத்தினாள். முரட்டுத் துணி தைத்துத் தேய்ந்த விரல்கள். பதிந்தது வெறும் கறுப்புத் திட்டு. இரண்டாம் முறையும் அப்படியே.

"ரேகையே இல்லையே," என்று கோமளா சிரித்தாள்.

"நவம்பர்ல பேங்க்குலயும் இதே பேஜார்தான்," என்றாள் ஞானம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே. "வருசா வருசம் உயிரோட கீறேன்னு காட்டணும் இல்ல, பென்ஷனுக்கு? மிஷின் என் விரல ஒத்துக்கல. அப்பால கண்ணக் காட்டி, பேப்பர்ல எழுதி வாங்கிகினு வந்தேன்."

அதை யாரும் காதில் வாங்கவில்லை. காகிதங்களை அடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மெடிக்கல் புத்தகம் மட்டும் டீப்பாயின் மேல் கிடந்தது.

மூன்று வாரம் கழித்து தீபிகாவிடமிருந்து போன் வந்தது. தீவு அரசாங்கம் வைத்திருக்கும் விசாரணை நிறுவனத்தின் ஆள் நேரில் வரப்போகிறார், விண்ணப்பத்தில் உள்ள எல்லோரும் பட்டறையில் இருக்க வேண்டும், ஆதார் அட்டை எடுத்து வர வேண்டும். ஞானம்மாள் ஆதாரை மட்டும் எடுத்துப் போகிற ஆள் இல்லை. தொழிற்சாலையில் ஒரு தாள் குறைந்ததற்காகப் பலமுறை அலைக்கழிந்தவள். எல்லாக் காகிதமும் வைத்திருக்கும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையை அப்படியே எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறி, எஸ்டேட்டில் இறங்கினாள்.

பட்டறை அடையாளமே தெரியவில்லை. வாசலில் இருந்த இரண்டு பேனரையும் காணோம். சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். மெஷின்களுக்கெல்லாம் பச்சை பெயிண்ட், சில இடங்களில் இன்னும் காயாமல் மின்னியது. எத்தனையோ கோடி சொத்து இருக்கிறது என்று காட்ட வேண்டுமே. கண்ணில் படுவதெல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும் என்று இருதயராஜ் ஃபிட்டர் சுலைமானிடம் சொல்லியிருந்தான். இருபது வருடமாக அங்கே வேலை பார்க்கும் சுலைமான் சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள். அதுதான் வினையாகப் போயிற்று.

"யக்கா, இங்க வா, ஒன்னு காட்றேன்," என்று சுலைமான் அவளை மூலைக்குக் கூட்டிப் போனார். அங்கே பட்டறையின் முதல் லேத் நின்றது. எஸ்டேட்டில் எவ்வளவு பெரிய கம்பெனி ஆனாலும் முதலில் வாங்கிய மெஷினை யாரும் விற்க மாட்டார்கள். ஆயுத பூஜை அன்று அதற்குத்தான் முதல் மாலை. "பழைய பெயிண்ட்டு நாலு கோட்டு கீது. பட்டிக் கத்தியால சொரண்டினேனா, உள்ள பித்தளத் தகடு. மொதலாளி எல்லாம் மின்னணும்னாரே, பாலிஷ் போட்டு உட்டுட்டேன். இத்தினி வருசம் இதுல கைய வெச்சி வேல செஞ்சிகினு கீறேன், எனுக்கே தெரியாது. இது நீதானா?"

தகடு தங்கம் போல மின்னியது. அதில் எழுத்து எழுத்தாக உளி வைத்து அடித்திருந்தது: உபயம்: செல்வி ஞானம்மாள், ஆவடி. 1989.

அந்த வருடம் ஞானம்மாளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கல்யாணச் செலவுக்கு என்று எழுதிக் கொடுத்து பி.எஃப். பணம் எடுத்தாள். பணம் கைக்கு வந்த வாரத்தில்தான் தம்பி பழைய லேத் ஒன்று விலைக்கு வருகிறது என்று வந்து நின்றான். பணம் லேத்துக்குப் போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். கூட வேலை செய்த பெண்கள் இரண்டு வருடம் வரை பத்திரிகை எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவள் சிரித்துச் சமாளித்தாள். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு இருதயராஜ் அவளுக்கு எதுவும் வாங்கித் தரவில்லை. இங்கே கூட்டி வந்து, தன் கையால் உளி அடித்த இந்தத் தகட்டைக் காட்டினான். மாதா கோயில் ஃபேனில் எழுதுவது போல எழுதியிருக்கிறாயே என்று அவள் கிண்டல் செய்தாள். வீட்டுக்குப் போய் அழுதாள். பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆனது. பட்டறைக்கு முதல்முறை வந்த கோமளா தகட்டைப் பார்த்து முகம் சுளித்தாள். அடுத்த ஆயுத பூஜைக்கு அதன் மேல் பெயிண்ட் ஏறியது. ஞானம்மாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"நான்தான் சுலைமான்," என்றாள்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. இருதயராஜ் தகட்டைப் பார்த்த பார்வையில் பழைய ஞாபகம் ஒன்றும் இல்லை. ஏதோ எலி செத்துக் கிடப்பதைப் பார்ப்பது போலப் பார்த்தான். "யார்றா இத்த நோண்டுனது? அறிவு கீதா ஒனக்கு?" என்று சுலைமான் மேல் பாய்ந்தான்.

"நீதான் மொதலாளி பளபளன்னு..."

"வாய மூடு!"

தீபிகா ஓடி வந்தாள். தகட்டைப் படித்ததும் அவள் முகம் வெளுத்தது. "சார், உங்க ஃபைல்ல முதல் முதலீடு உங்க அப்பா விட்டுட்டுப் போன சேமிப்புன்னு எழுதியிருக்கோம். ஆன்ட்டிக்கு வருமானமே இல்லைன்னும் எழுதியிருக்கோம். ஆன்ட்டி பேரோட இது இங்க இருந்தா ரெண்டுமே அடிபடும்."

அப்பா விட்டுப் போன சேமிப்பு! ஞானம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, அதற்குப் பின்னாலேயே ஆத்திரமும் வந்தது. அவர் விட்டுப் போனது மளிகைக் கடைப் பாக்கியும் ஒரு சைக்கிளும். அந்தச் சைக்கிளில்தான் அவள் வேலைக்குப் போனாள்.

பெயிண்ட் அடித்து மறைக்க நேரம் இல்லை. வாசலில் கார் வந்து நின்றுவிட்டது. இருதயராஜ் மெஷின் துடைக்கும் துணி ஒன்றை எடுத்துத் தகட்டின் மேல் தொங்கவிட்டான். "யக்கா, நீ அங்க போய் உக்காரு. கேட்டா மட்டும் பேசு," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

வந்தவர் பெயர் கார்த்திகேசன். போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது விசாரணை நிறுவனத்துக்கு அறிக்கை எழுதித் தருகிறார். அதிகம் பேசவில்லை. இருதயராஜ் பேசிக்கொண்டே இருந்தான். தான் எப்படித் தனி ஆளாக மேலே வந்தேன், யாரிடமும் கை நீட்டியதில்லை, வியர்வை சிந்தி வளர்த்த தொழில் என்று எல்லாம் அளந்தான். கோமளா பட்டுப் புடவையில் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். அவர்கள் மகன் ஜஸ்டின் வரவில்லை. ஒரு ஐ.டி. கம்பெனியில் சொந்தமாகச் சம்பாதிக்கிறவன், எனக்கு உங்கள் தீவு வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டான்.

"முதல்ல வாங்கின மெஷின் எது?" என்று கேட்டார் கார்த்திகேசன்.

"தோ, அந்த லேத்து சார். எங்கப்பா சேத்து வெச்ச பணத்துல வாங்கினது."

கார்த்திகேசன் மூலைக்குப் போனார். லேத்தின் நீண்ட இரும்பு மேடையில் கையை ஊன்றிக் குனிந்தார். உள்ளங்கை முழுக்கப் பச்சை பெயிண்ட் அப்பிக்கொண்டது. அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். கைக்கு எட்டும் தூரத்தில் துணி ஒன்று தொங்கியது. எடுத்துத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே தகட்டை நிதானமாகப் படித்தார்.

"இந்த ஞானம்மாள் யாரு?"

பட்டறையில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை. கேள்வி எல்லோருக்கும் கேட்டது. ஞானம்மாள் தம்பியைப் பார்த்தாள். காகிதம் வேறு, இது வேறு. இங்கே தீவுக்காரன் யாரும் இல்லை. சுலைமான் நிற்கிறார், இன்னும் ஆறு தொழிலாளிகள் நிற்கிறார்கள், அவன் கையால் அடித்த எழுத்து எதிரில் இருக்கிறது. அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பிறகு என்ன பொய்யை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளட்டும், தானும் சேர்ந்து ஆமாம் போடலாம் என்றுகூட அவள் நினைத்தாள்.

இருதயராஜ் தொண்டையைக் கனைத்தான். "அது எங்க அத்தை சார். அப்பாவோட தங்கச்சி. ஏதோ மெஷின ஜெபம் பண்ணித் தொறந்து வெச்சாங்கன்னு பேரு போட்டோம். செத்து முப்பது வருசம் ஆவுது."

கோமளா தலையாட்டினாள். "நல்ல மனுஷி," என்று வேறு சேர்த்துக்கொண்டாள்.

சுலைமான் ஞானம்மாளைப் பார்த்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நான்தான் என்று சொன்னவளைப் பார்த்த அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று காலைப் பிடித்துக்கொண்டு அழுதவன்தானே இவன்? இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவளைத் தன் தயவில் பிழைத்தவள் என்று எழுதினான், பொறுத்தாள். கூடப் பிறந்தவளை உயிரோடு புதைத்துவிட்டு, அவள் எதிரிலேயே நின்று சிரிக்கிறானே!

கார்த்திகேசன் கையிலிருந்த தாளைப் புரட்டினார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "உங்க பேரும் ஞானம்மாள்னு இருக்கே. அத்தை பேரைத்தான் வச்சாங்களாம்மா?"

தீபிகா கண்ணால் கெஞ்சினாள். இருதயராஜ் கண்ணால் மிரட்டினான்.

ஞானம்மாள் எழுந்தாள். பிளாஸ்டிக் பையின் ஜிப்பை இழுத்தாள். மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்துப் பிரித்து, லேத்தின் மேல், தகட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எங்கப்பாவுக்குக் கூடப்பொறந்தவங்க யாருமே கெடியாது சார். அந்த ஞானம்மா நான்தான். நான் சாவல. போன நவம்பர்ல பேங்க்குக்குப் போயி, உயிரோடதான் கீறேன்னு கண்ணக் காட்டி எழுதிக் குட்த்துட்டு வந்துகீறேன். தோ, சீல் போட்டுகீது, பாத்துக்கோங்க."

கார்த்திகேசன் தாளை எடுத்தார். ஓய்வூதியர் ஆயுள் சான்று. அவர் அதை இரண்டு முறை படித்தார். "அப்போ உங்களுக்குப் பென்ஷன் வருது."

"நாப்பது வருசத்துக்கு ஒன்னுதான் கொறைச்சல், சார். அவ்ளோ வருசம் தெச்சேன், வராம இன்னா பண்ணும்? நான் யாரு தயவுலயும் இல்ல. இவன்தான் என் தயவுல இருந்தான். இந்த லேத்து என் கல்யாணத்துக்குன்னு எடுத்த பி.எஃப். பணம். அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டது என் தப்புதான். அதுல கீறது அத்தினியும் பொய்யின்னு எழுதிக்கோங்க."

"அவங்களுக்கு மனசு சரியில்ல சார்," என்றாள் கோமளா அவசரமாக. "வயசாயிடுச்சி. தனியா இருந்து இருந்து..."

"எனக்கா மனசு சரியில்ல? வாடி, கவுருமெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போலாம், ரெண்டு பேரும் செக் பண்ணிக்கலாம். மெடிக்கல் புக்கு இன்னும் என்கிட்டதான் கீது."

சுலைமான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். கார்த்திகேசன் சிரிக்கவில்லை. தகட்டைப் போனில் படம் எடுத்தார், சான்றைப் படம் எடுத்தார், அவள் சொன்னதை எழுதி அவளிடமே கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இருதயராஜ் அவர் பின்னாலேயே வாசல் வரை போனான், காது அருகில் குனிந்து ஏதோ சொன்னான். "நான் பார்த்ததைத்தான் எழுதுவேன்," என்று அவர் சத்தமாகச் சொன்னது உள்ளே கேட்டது. கார் கிளம்பியது. தீபிகா யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

இருதயராஜ் திரும்பி வந்து கத்தினான். தொழிலாளிகள் பார்க்கிறார்களே என்றுகூட அவன் பார்க்கவில்லை. "கெட்த்துட்டியே! என் வாழ்க்கையவே கெட்த்துட்டியே பாவி! ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சும்மா இருந்திருந்தா? என் குடும்பத்த நடுரோட்டுல நிறுத்திட்டியே! இத்தினி நாளா மனசுக்குள்ள வெச்சிகினு இருந்து பழி வாங்கிட்ட இல்ல?"

"பழி வாங்கறதா இருந்தா தொண்ணூத்தொம்பதுலயே வாங்கிருப்பேன்டா, நீ பெயிண்ட்டு அடிச்ச அன்னிக்கே. அடிச்சிக்கோன்னு உட்டேன். பொய் எழுதினியா, கையெழுத்துப் போட்டேன். நீ தெரிஞ்சிகினு இருந்தா போதும்னு இருந்தேன். தெரிஞ்சிகினே என்னியச் சாவடிச்சிட்டியேடா."

"சாவடிச்சேனா? வாய் தவறி..."

"செத்து முப்பது வருசம்னு கணக்கு வேற சொல்ற. எந்த வருசம்டா என்னியப் பொதைச்ச?"

இருதயராஜ் ஆத்திரத்தில் தலையைச் சிலுப்பினான். "சரி, போ. இன்னியோட அறுந்துது. ஃபைல்லேர்ந்து ஒம் பேர எடுத்துடறேன். எனக்கு அக்காவே கெடியாது. ஊட்ட மட்டும் எழுதிக் குடுத்துடு."

"ஊட்டுக்குக் கையெழுத்து கெடியாது. நான் இருக்கற வரைக்கும் நான் அங்கதான் இருப்பேன். செத்தவ கையெழுத்து ஒனக்கு எதுக்கு?" ஞானம்மாள் ஆயுள் சான்றை மடித்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். வாசல் வரை போனாள். அங்கே நின்று திரும்பினாள்.

இருதயராஜ் அதற்குள் லேத்தின் பக்கம் போயிருந்தான். பெயிண்ட் டப்பாவையும் பிரஷையும் கையில் எடுத்திருந்தான்.

"ஃபைல்ல கீற பேர எடுத்துக்கோ," என்றாள் ஞானம்மாள். "லேத்துல கீற பேர்ல கைய வெச்ச, கைய ஒட்ச்சிடுவேன்."

சுலைமான் வந்து முதலாளியின் கையிலிருந்த பிரஷை மெதுவாக வாங்கிக்கொண்டார்.